ரிவால்வர் சிறப்புப் பதிப்பு: ஒரு பாட்டுக்காகவே வாங்கியது

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழு 1966இல் வெளியிட்ட ‘ரிவால்வர்’ இசைத்தொகுப்பின் 2022ஆம் ஆண்டுச் சிறப்புப் பதிப்பை நான் வாங்கியது, அதன் கடைசிப் பாடலான ‘டுமாரோ நெவர் நோஸ்’ உருவான கதையைக் காதால் கேட்பதற்காகத்தான். திபெத்திய மரண நூலைத் தழுவி அமெரிக்க உளவியலாளர் திமோதி லியரியும் இரு சகாக்களும் எழுதிய புத்தகத்தைப் படித்திருந்த குழுவின் பாடகர் ஜான் லெனன், மலையுச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவதுபோலத் தம் குரல் ஒலிக்க வேண்டும் என்று கேட்டார். அப்போது 20 வயதே ஆகியிருந்த ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக், ஹாமண்ட் ஆர்கனுக்குரிய சுழலும் ஒலிபெருக்கியின் வழியே அக்குரலைச் செலுத்தினார்.

ஏப்ரல் 6 அன்று பதிவான முதல் டேக், அதாவது பாட்டின் முதல் பதிவு முயற்சி, இந்தச் சிறப்புப் பதிப்பின் பெட்டியில் இருக்கிறது. நாம் அறிந்த வடிவத்தைவிட மெதுவாக, நீருக்கடியில் நடப்பதுபோல நகரும் அதைக் கேட்ட பிறகு, இறுதி வடிவத்தில் குழுவின் முரசுக் கலைஞர் ரிங்கோவின் அடி எவ்வளவு இறுக்கமாக விழுகிறது என்பது புரிகிறது. கடற்பறவைகளின் கூச்சல் என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தது, குழுவின் இன்னொரு பாடகர் பால் மெக்கார்ட்னியின் சிரிப்பை வேகமாக ஓட்டிய நாடாச் சுருள்தானாம்! பாட்டின் தொடக்கத்திலேயே கேட்கும் தம்பூராவோ நம் காதுக்குப் பழகிய சுருதி.

இந்தப் பதிப்புக்காக இசைத் தயாரிப்பாளர் ஜைல்ஸ் மார்ட்டின் செய்த புதிய ஒலிக்கலவை தெளிவானது. ஆனாலும் எல்லா ஒலிகளும் ஒரே தடத்தில் சேர்ந்து வரும் பழைய மோனோ வடிவத்தின் நெரிசலே எனக்குப் பிடித்திருக்கிறது. அதுவும் இதே பெட்டியில் கிடைக்கிறது.