ஃபெட் மென்பொருள்: ஐந்து வகுப்புப் பள்ளிக்கு டைம்டேபிள் போட உதவுமா?

ஆறு முதல் பத்து வரை வகுப்புக்கு ஒரு பிரிவு. பாடத்துக்கு ஒருவராக ஐந்து பட்டதாரி ஆசிரியர்கள். உடற்கல்விக்கும் ஓவியத்துக்கும் வாரத்தில் 3 அரை நாள் மட்டும் வரும் பகுதிநேர ஆசிரியர்கள் இருவர். பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை பக்கத்தில் இருப்பவர்களுக்கு இப்படியொரு உயர்நிலைப் பள்ளியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. புதிய பருவத்துக்கான டைம்டேபிளை ஃபெட்டிடம் ஒப்படைக்கலாமா என்றால், தாராளமாக ஒப்படைக்கலாம். ஆனால் கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட வேண்டும். ஃபெட் சரியில்லை என்று சலித்துக்கொள்பவர்களில் பாதிப் பேர் அந்தத் தாளை எடுக்காதவர்கள்தான்.

ருமேனியாவின் லிவியு லலெஸ்கு 2002-இல் தொடங்கிய மென்பொருள் இது. இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். இறக்கியபின் இன்டர்நெட் வேண்டாம், அதனால் சிக்னல் இல்லாத மலைப் பள்ளிக்கும் பென்டிரைவில் கொண்டுபோய்விடலாம். பார்க்க அழகாக இருக்காது. மெனுவுக்குள் மெனு என்று நீண்டுகொண்டே போகும்.

டேட்டா மெனுவில் நாள், பாடவேளை, பாடம், ஆசிரியர், வகுப்பு என்ற வரிசையில் பதிவு செய்துவிட்டு, கடைசியாக ஆக்டிவிட்டிக்கு வரவேண்டும். ஓர் ஆசிரியர் ஒரு வகுப்புக்கு ஒரு பாடம் எடுப்பதுதான் ஒரு ஆக்டிவிட்டி. நாளுக்கு 8 பாடவேளை என்றாலும் 9 என்று கொடுத்து, ஐந்தாவதற்கு 'உணவு' என்று பெயரிட்டு, அதை பிரேக் என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அறிவியல் இரட்டைப் பாடவேளை மணியடித்துச் சாப்பிடப் போகும் நேரத்தில் குறுக்கே விழும்.

பலரும் தடுக்கி விழும் இடம் 7 பாடவேளைப் பாடங்கள். வாரம் 5 நாள். ஒரே பாடத்தை ஏழு துண்டாகப் போட்டு, 'ஒவ்வொன்றும் வெவ்வேறு நாளில்' என்ற நிபந்தனையையும் சேர்த்தால் அது எப்படி நடக்கும்? கணக்குக்கும் அறிவியலுக்கும் 1, 1, 1, 2, 2 என்று ஐந்து துண்டாகப் பிரியுங்கள். தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியலுக்கு முதலில் ஐந்து துண்டு ஒரு தொகுப்பாக, பிறகு இரண்டு துண்டு தனித் தொகுப்பாகச் சேருங்கள். ஒரு நாளில் இரண்டுமுறை வந்தாலும் ஒரே பாடம் மூன்றாவது முறை வராது.

இனி அந்தத் தாள். 5 வகுப்பு, வாரம் 40 பாடவேளை, மொத்தம் 200. ஐந்து பாடங்களும் வகுப்புக்கு 7 வீதம் 175. உடற்கல்வி 10, ஓவியம் 10, நன்னெறி 5. நன்னெறியை வகுப்பாசிரியர்களே எடுத்தால் ஆளுக்கு 36 ஆகும். வாரத்துக்கு 4 பாடவேளைதான் ஓய்வு. இந்த நிலையில் 'யாருக்கும் நாளுக்கு 7-க்கு மேல் வேண்டாம்' என்ற நிபந்தனையை 100 சதவீதத்தில், அதாவது மீறவே கூடாது என்று கொடுத்தால் ஃபெட் எத்தனை மணி நேரம் ஓடினாலும் விடை வராது. நாளுக்கு ஓர் ஓய்வு என்றால் ஆளுக்கு 5 வேண்டும், இருப்பதோ 4. நன்னெறி ஐந்தையும் தலைமையாசிரியர் எடுத்துக்கொண்டால்தான் ஐந்தாவது ஓய்வு கிடைக்கும்.

அதுவும் போதாது. பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஓய்வில் இருக்கும் பாடவேளையில் அவருக்குப் பதில் பகுதிநேர ஆசிரியரோ தலைமையாசிரியரோ வகுப்பில் இருந்தாக வேண்டும். பகுதிநேர ஆசிரியர்கள் இருவரும் ஒரே மூன்று நாளில் வந்தால் மற்ற இரண்டு நாளும் தலைமையாசிரியர் எடுக்கும் பாடவேளையைத் தவிர யாருக்கும் ஓய்வே இருக்காது. ஒருவர் திங்கள், புதன், வெள்ளி, மற்றவர் செவ்வாய், வியாழன், வெள்ளி என்று பிரித்துக்கொண்டால் 4, 4, 2 பாடவேளை வீதம் இருவருக்கும் 10 வந்துவிடும். தலைமையாசிரியருக்கு நாளுக்கு ஒன்று. கணக்கு நூல் பிடித்தாற்போலப் பொருந்தும், ஆனால் ஒரு பாடவேளைகூட இடம் மிஞ்சாது. இதற்கு மேல் 'தூரத்திலிருந்து வருகிறார், முதல் பாடவேளை வேண்டாம்' போன்ற சலுகைகளைக் கேட்காதீர்கள்.

இரட்டைப் பாடவேளை ஒவ்வொன்றும் ஒரே ஆக்டிவிட்டி என்பதால், 200 பாடவேளைக்கு ஆக மொத்தம் 180 ஆக்டிவிட்டி. ஃபெட் ஒவ்வொன்றாக இடம் பிடித்து 175 வரை ஏறி அங்கேயே முட்டிக்கொண்டு நின்றால், காத்திருப்பதில் பயனில்லை. அதிகபட்ச நிலையில் நிறுத்தும் பட்டனை அழுத்தினால், இடம் கிடைக்காத ஆக்டிவிட்டிகள் பட்டியலாக வரும். திரும்பத் திரும்ப ஒரே ஆசிரியர் பெயர் வந்தால் அவருடைய நிபந்தனையைத் தளர்த்துங்கள். 'வெவ்வேறு நாளில்' என்ற நிபந்தனைக்கு இயல்பாக இருக்கும் 95 சதவீதத்தை 100 ஆக்குவது, இருக்கிற கொஞ்ச வழியையும் அடைப்பது.

ஓசூர், தளி பக்கம் ஒரே வகுப்பில் ஒரு பகுதிப் பிள்ளைகள் தெலுங்கோ கன்னடமோ படிக்கப் பிரிந்து போவார்கள். அந்த வகுப்புக்குக் கீழே குழுக்கள் அமைத்து, இரண்டு ஆக்டிவிட்டிக்கும் ஒரே தொடக்க நேரம் என்று கொடுத்தால் போதும். இந்த வேலையில் ஃபெட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பெயர்களைத் தமிழிலேயே அடிக்கலாம், யூனிகோடில் மட்டும். யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகிய கை என்றால் அட்டவணையில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாக வந்து நிற்கும். விடை பிரவுசரில் திறக்கும் பக்கங்களாக வரும். வகுப்புவாரி, ஆசிரியர்வாரி என்று ஒரே அட்டவணை பல வடிவில் கிடைப்பதால், வேண்டியதை மட்டும் பிரிண்ட் எடுங்கள்.

பருவத்தின் நடுவில் யாராவது மாறுதலில் போனால், மற்றவர்களின் பாடவேளைகளைப் பூட்டிவிட்டுப் புதியவருக்கு மட்டும் மறுபடி ஓட்டலாம். இந்த ஒரு வசதிக்காகவே, பதிவு செய்ததெல்லாம் சேமிக்கப்படும் .fet கோப்பைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஆனால் இன்று ஒருவர் லீவ் என்றால் அவர் வகுப்புக்கு யாரை அனுப்புவது என்பதை ஃபெட் சொல்லாது. அது வேண்டுமென்றால் ஸ்லோவாக்கியாவின் ஏஎஸ்சி டைம்டேபிள்ஸ் இருக்கிறது, காசு கட்ட வேண்டும். ஐந்து வகுப்புக்கு அது தேவையில்லை. பதிலி நோட்டு ஒன்று போதும்.