ஆல்ஃபாஃபோல்ட் தரவுத்தளம்: நொதிகளோடு வேலை செய்பவரின் மதிப்புரை

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது ஒரு ஹைட்ரோலேஸ் (நீரைக் கொண்டு பிற மூலக்கூறுகளை உடைக்கும்) நொதியின் உருவத்தைப் பார்ப்பதற்காக அதைப் படிகமாக்க 14 மாதம் முயன்றேன். படிகம் வளரவே இல்லை. அதன் உருவத்தைப் பார்க்காமலேயே ஆய்வேட்டை முடித்தேன். புரதங்களின் முப்பரிமாண உருவத்தைக் கணினியால் கணித்துத் தரும் ஆல்ஃபாஃபோல்ட் தரவுத்தளம் 2022 ஜூலையில் 20 கோடிக்கும் அதிகமான புரதங்களுக்கு விரிந்தபோது நான் முதலில் தேடியது அந்த நொதியைத்தான். யூனிபுரோட் என்ற புரதப் பட்டியலில் அதற்குரிய எண்ணைத் தட்டினேன், திரையில் வந்து சுழன்றது. கொஞ்ச நேரம் வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை.

டீப்மைண்டும் ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனமும் சேர்ந்து 2021-ல் திறந்த தளம் இது. கணக்குத் தொடங்க வேண்டாம், பணம் கட்ட வேண்டாம், கோப்பை அப்படியே இறக்கிக்கொள்ளலாம். இந்தக் கணிப்பு முறைக்காக டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் 2024-ல் வேதியியல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. மறுபாதி புதுப் புரதங்களை வடிவமைக்கும் டேவிட் பேக்கருக்கு.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது நிறங்கள். ஒவ்வொரு அமினோ அமிலத்தின் இடத்தையும் எவ்வளவு நம்பலாம் என்று 100-க்கு மதிப்பெண் போட்டு, 90-க்கு மேல் அடர்நீலம், 50-க்குக் கீழ் ஆரஞ்சு என்று காட்டுகிறது. புதிதாக வரும் மாணவர்கள் ஆரஞ்சு நாடாவையும் உண்மையான வளைவு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே புரதத்துக்கு நிலையான உருவமே இல்லாமல் இருக்கலாம். என் ஹைட்ரோலேஸின் முன்முனையில் முப்பத்துச் சொச்சம் அமினோ அமிலங்கள் ஆரஞ்சாகத் தொங்கின. இப்படி ஆடும் வால் இருந்தால் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்வது கடினம். படிகம் ஏன் வளரவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சரி, நொதி என்ன செய்கிறது என்பதையும் இது சொல்லுமா? மனித கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 2-ஐத் திறந்து பாருங்கள். கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் சேர்த்து பைகார்பனேட் ஆக்கும் நொதி, வினாடிக்குச் சுமார் 10 லட்சம் மூலக்கூறுகள் என்ற வேகத்தில். அந்த வேகத்துக்கு ஆதாரம் ஒரே ஒரு துத்தநாக அயனி. தன்னோடு ஒட்டிய நீர் மூலக்கூறு எளிதாக ஒரு புரோட்டானை இழக்கும்படி செய்கிறது அது. மிஞ்சும் ஹைட்ராக்சைடு கார்பன் டை ஆக்சைடைத் தாக்குகிறது. தரவுத்தளத்தின் மாதிரியில் அந்தத் துத்தநாகம் கிடையாது. ஆனால் அதைப் பிடித்திருக்க வேண்டிய ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் மூன்றும் நடுவில் இடம் விட்டு, உள்ளே அயனி இருப்பது போலவே நிற்கின்றன! ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் இதைத்தான் முதலில் காட்டுகிறேன். இல்லாத பொருளுக்காகப் புரதம் எப்படித் தன்னை அமைத்துக்கொண்டிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் எனக்குத் தெரியாது.

அயனியையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் நாம் கொடுப்பதைப் புதிதாகக் கணித்துத் தரும், 2024-ல் வந்த ஆல்ஃபாஃபோல்ட் சர்வரைப் பயன்படுத்தலாம். துத்தநாகம், ஏ.டி.பி., ஹீம் என்று புரதத்தோடு ஒட்டும் சில பொருள்களைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. ஆனால் வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை.

இரண்டு தளங்களிலும் நான் செய்யாத ஒரு வேலை உண்டு. ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றினால் நொதியின் வேகம் என்னவாகும் என்று இவற்றிடம் கேட்பதில்லை. வினைமையத்தில், அதாவது வினை நடக்கும் இடத்தில், வினையைச் செய்யும் செரின் என்ற அமினோ அமிலத்தை அலனினாக மாற்றினால் நொதி செத்தே போகும், உருவம் மட்டும் ஏறக்குறைய அதேதான். வேக எண்களுக்கு நான் போவது நொதிகளின் அளவீடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் பிரெண்டா தரவுத்தளத்துக்கு. அதிலும் எந்த வெப்பநிலை, எந்த பி.எச். என்று பார்க்காமல் ஒரு எண்ணையும் எடுப்பதில்லை.

அப்புறம், அந்த ஹைட்ரோலேஸ். ஆரஞ்சு வாலை வெட்டிவிட்டு என் மாணவி புதிதாகப் புரதம் தயாரித்தாள். மூன்றாவது வாரம் ஊசி ஊசியாகப் படிகங்கள் வந்தன. நொதி வேலை செய்யும் பொருளைப் போலவே இருந்து அதன் வேலையைத் தடுக்கும் ஒரு தடுப்பானையும் உள்ளே வைத்து உருவத்தை அளந்தோம். கணித்த உருவமும் அளந்த உருவமும் ஏறக்குறைய முழுவதும் பொருந்தின, ஒரு வளையத்தைத் தவிர. வினைமையத்தின் வாயில் இருக்கும் வளையம் அது. தரவுத்தளத்தின் மாதிரியில் திறந்திருந்தது, எங்கள் படிகத்தில் தடுப்பானின் மேல் மூடியிருந்தது. அது எப்போது மூடுகிறது, எவ்வளவு வேகத்தில் மூடுகிறது என்பதைத்தான் இப்போது அளந்துகொண்டிருக்கிறோம்.