ஊட்டி கிரவுண்டு ரோட்டு டீக்கடை: டீயும் நல்லாருக்கும், கிப்சோகே பஞ்சாயத்தும் நல்லாருக்கும்

இந்தக் கடைக்கு போர்டு கிடையாது, மேப்புல தேடுனாலும் வராது. ஊட்டில எச்.ஏ.டி.பி. கிரவுண்டுக்குப் போற வழில தகர ஷீட் போட்ட சின்னக் கடை, வெளிய ரெண்டு பெஞ்ச், காலைல ஷூவும் டிராக் பேன்ட்டும் போட்டுட்டு வாயில புகை மாதிரி மூச்சு விட்டுட்டு நாலு பேரு நின்னா அதுதான் கடை. ஓடுறவங்க, ஒரு காலத்துல ஓடுனவங்க, டிவில மட்டும் ஓட்டம் பாக்குறவங்கன்னு மூணு குரூப்பும் இங்கதான் கூடும். டூரிஸ்ட் கூட்டம் பெருசா வராது, அதுவே பெரிய பிளஸ்.

டீ 15 ரூபா. இன்ட்கோ (நீலகிரி கூட்டுறவு ஃபேக்டரிங்க) டீத்தூள்தான் போடறேன்னு கடைக்கார அண்ணன் சொல்றார், கலரப் பாத்தா நம்பலாம். லைட்டா கேட்டாலும் ஸ்ட்ராங்காத்தான் வரும், திருப்பிக் குடுத்தா கொஞ்சம் பால் ஊத்தித் தருவார், முகம் சுளிக்க மாட்டார். வர்க்கி காலைல சாப்பிட்டா மொறுமொறுன்னு அருமை, அதே வர்க்கி மழை நாள்ல சாயங்காலம் நமுத்துப் போயிருக்கும், டப்பா மூடி சரியில்லன்னு சொல்லிப் பாத்தாச்சு, மூடி இன்னும் அதே மூடிதான். தேங்கா பன் ஓகே. முட்டை போண்டா வேண்டாம், எண்ணெய் பழசு. சுக்கு காபில கருப்பட்டி கொஞ்சம் ஜாஸ்தி.

சரி, டீ எல்லா இடத்துலயும் கிடைக்கும். இந்தக் கடைக்குன்னே ஒரு ஸ்பெஷல் இருக்குன்னா அது 2024 ஆகஸ்ட்டுல ஆரம்பிச்சு இன்னமும் ஓடிட்டிருக்கற பஞ்சாயத்து: பாரிஸ் ஒலிம்பிக் மாரத்தான்ல கிப்சோகே ஏன் பாதில நின்னார்?

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். எலியுட் கிப்சோகே, கென்யாக்காரர். 2016 ரியோ, அப்புறம் கொரோனாவால 2021ல நடந்த டோக்கியோ, ரெண்டுலயும் மாரத்தான் தங்கம். 2019ல வியன்னால 1 மணி 59 நிமிஷம் 40 செகண்ட்ல 42 கிலோமீட்டரத் தாண்டுனவர், அது ரெக்கார்டுக்கு கணக்கில்லன்னாலும் அத மறக்க முடியுமா. பாரிஸ்ல மூணாவது தங்கம் எடுத்தா யாருமே செய்யாத சாதனை. ஆகஸ்ட் 10, நம்ம டைமுக்கு பதினொன்னரை மணிக்கு ரேஸ். கடைல அன்னைக்கு டிவி முன்னாடி நிக்க இடம் இல்லையாம். பாதி தூரம் வர்றதுக்குள்ளயே ஆள் பின்தங்கிட்டார், 30 கிலோமீட்டர் கிட்ட முன்னாடி போறவங்களுக்கும் இவருக்கும் எட்டு நிமிஷத்துக்கு மேல இடைவெளி, கொஞ்ச நேரத்துல ஓட்டத்த நிறுத்திட்டு நடக்க ஆரம்பிச்சுட்டார். ஷூ, சாக்ஸ், நம்பர் எல்லாத்தையும் கூட நடந்து வந்த ஜனங்களுக்கே குடுத்துட்டார். அவர் ஓடுன மாரத்தான்லயே முடிக்காம விட்டது அதுதான் முதல் தடவ. தங்கம் எத்தியோப்பியாவோட தமிரட் டோலாவுக்கு, 2:06:26, ஒலிம்பிக் ரெக்கார்டு, அதுவும் காயம்பட்ட இன்னொருத்தருக்கு பதிலா கடைசில டீமுக்குள்ள வந்தவர்.

இப்ப பஞ்சாயத்துக்கு வருவோம்.

குன்னூர் பக்கத்து வெலிங்டன் பட்டாள முகாம்ல இருந்து ரிட்டையர் ஆன சுபேதார் சார் ஒருத்தர் தினமும் வருவார், ஜன்னலோரம் அவர் சீட்டு, வேற யாரும் உக்கார மாட்டாங்க. அவர் கட்சி சிம்பிள்: "நடந்தாவது முடிச்சிருக்கணும்." உடனே 1968 மெக்சிகோ ஒலிம்பிக்குக்குப் போயிடுவார், தான்சானியாவோட அக்வாரி கால்ல கட்டுப் போட்டுட்டு நொண்டி நொண்டி கடைசி ஆளா வந்து முடிச்ச கதை. அதோட நிக்க மாட்டார், அதே பாரிஸ்ல எத்தியோப்பியாவோட பெக்கலே 42 வயசுல 39வது ஆளா வந்து முடிச்சார்ல, அவருக்கு மானம் இல்லையான்னு கேப்பார். இந்த ரெண்டாவது பாயிண்டுக்கு யாருக்கும் சட்டுனு பதில் வராது, பெஞ்சே அமைதியாயிடும்.

காலேஜ்ல படிக்கற ஒரு பொண்ணு இருக்கு, கிரவுண்டுல 5000 மீட்டர் பிராக்டீஸ் பண்ணும். அதுதான் சார்கூட நேருக்கு நேரா பேசற ஒரே ஆளு. "சார், பிரிட்டனோட பவுலா ராட்கிளிஃப் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் மாரத்தான்ல 36 கிலோமீட்டர் கிட்ட ரோட்டோரமா உக்காந்து அழுதாங்க, அஞ்சு நாள் கழிச்சு 10,000 மீட்டர்லயும் பாதில வெளிய வந்தாங்க, அதே வருஷம் நவம்பர்ல நியூயார்க் மாரத்தான ஜெயிச்சாங்க. ஏதென்ஸ்ல ஒடம்ப இழுத்துட்டுப் போயிருந்தா நியூயார்க் இருந்திருக்குமா?" சார் டீயக் குடிச்சுட்டே "அது வேற, இது வேற"ன்னுவார். எப்படி வேறன்னு சொல்ல மாட்டார். பட்டாளத்துல அவருக்குக் கீழ இருந்தவங்க பாவம்னு தோணும்.

அந்தப் பொண்ணோட சொந்தக் கட்சி என்னன்னா, மனசு. இன்னொரு கென்யாக்காரர் கெல்வின் கிப்டும் 2023 சிகாகோ மாரத்தான்ல 2:00:35 ஓடி கிப்சோகேவோட 2:01:09 ரெக்கார்ட ஒடைச்சார், 2024 பிப்ரவரில கார் ஆக்சிடென்ட்ல கோச்சோட சேந்து எறந்து போனார், வயசு 24தான். அதுக்கப்புறம் ஒரு சம்பந்தமும் இல்லாம கிப்சோகேதான் காரணம்னு ஒரு கூட்டம் கெளப்பி விட்டுச்சு, குடும்பத்துக்கெல்லாம் மிரட்டல் வந்துச்சுன்னு அவரே பேட்டில சொன்னார். அடுத்த மாசம் டோக்கியோ மாரத்தான்ல கிப்சோகேவுக்கு பத்தாவது எடம். இதுல நியாயம் இருக்கு. ஆனா பாரிஸ்ல 20 கிலோமீட்டர் கிட்ட முதுகு வலி வந்துச்சுன்னு கிப்சோகே சொன்னாரே, மனசு சரியில்லன்னா முதுகு ஏன் வலிக்கணும், அதுக்கு பதில் இல்ல.

கடைக்கார அண்ணனுக்கு வயசுதான் காரணம். 39 வயசு, அவ்ளோதான், வேலை முடிஞ்சுதுன்னு வடை போட்டுட்டே தீர்ப்பு சொல்லிடுவார். இது சோம்பேறித்தனமான கட்சின்னு நெனைக்கறேன், ஏன்னா எட்டு மாசம் கழிச்சு 2025 லண்டன் மாரத்தான்ல அதே ஆளு 2:05:25ல ஓடி ஆறாவதா வந்தார். முடிஞ்சு போன ஆளு ஓடற டைமா அது? அண்ணன் கிட்ட இத சொன்னா வடை சூடா இருக்கு எடுத்துக்கங்கன்னுவார்.

எனக்குப் புடிச்சது டீ ஃபேக்டரில வேலை பாக்கற ஒரு படுகர் தம்பி சொல்றது. தொட்டபெட்டா ஜங்ஷன்ல இருந்து மேல சிகரம் வரைக்கும் ஓடற ஆளு அவன், அதனால அவன் வாயத் தொறந்தா சுபேதார் சாரே கேப்பார். அவன் சொல்றது ரூட்ட பத்தி. பாரிஸ் ரூட்டு நகரத்துல இருந்து வெர்சாய் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரும், மொத்த ஏத்தம் மட்டும் 436 மீட்டர், ஒரு எடத்துல சரிவு 13.5 சதவீதம். கிப்சோகே அஞ்சு தடவ ஜெயிச்ச பெர்லின் தட்டையான ரோடு. நான் கேட்டேன், அவர் ட்ரெய்னிங் பண்ற கப்டகட் 2,400 மீட்டர் ஒசரத்துல இருக்கு, நம்ம ஊட்டியே 2,240தான், மலைக்காரருக்கு மலை என்ன புதுசான்னு. அதுக்கு தம்பி சொன்னது இன்னும் காதுல இருக்கு: "அண்ணா, ஒசரம் ரத்தத்துக்கு, சரிவு தொடைக்கு. ரெண்டும் ஒன்னுன்னா ஊட்டில பொறந்த எல்லாரும் கல்லட்டில எறங்கி ஓடலாமே."

கல்லட்டி ரோட்ல 36 கொண்டை ஊசி வளைவு, எறங்கி ஓடுனவனக் கேட்டாத் தெரியும். ஏறும்போது நெஞ்சுதான் அடிக்கும், எறங்கும்போது தொடைத் தசை நீண்டுட்டே பிரேக்கும் புடிக்கணும், தசை நார் கிழியறதே அங்கதான், அந்த அதிர்ச்சி இடுப்பு வழியா முதுகுக்கு ஏறும். பாரிஸ்ல 15ல இருந்து 20 கிலோமீட்டர் வரைக்கும் ஏத்தம். கிப்சோகேவுக்கு முதுகு வலி வந்ததும் அந்த 20 கிட்டத்தான். அந்த கொடூரமான ஏத்தம் 28 தாண்டி, அங்கதான் டோலா மத்தவங்கள விட்டுட்டு முன்னாடி போனார். அதத் தாண்டுன உடனே செங்குத்தா எறக்கம், கிப்சோகே ரேஸ விட்டது அதுக்கு அடுத்தாப்புல. 2023 பாஸ்டன்லயும் மேடு வர்ற பகுதில, 30 கிலோமீட்டர் வாக்குலதான் பின்தங்கி ஆறாவதா வந்தார். ஆக முதுகு வலி ஒரு காரணம், ரூட்டு வேற காரணம்னு பிரிச்சுப் பேசறதே தப்புன்னு எனக்குத் தோணுது, ரூட்டுதான் முதுகுல போய் உக்காந்துருக்கு. பெக்கலே எப்படி முடிச்சார்னு சார் கேட்டா, அவருக்கு அன்னைக்கு முதுகு வலிக்கல சார், அவ்ளோதான். சாருக்கு இந்த பதில் புடிக்கல.

முடிச்சாதான் மரியாதைன்னு பேசறவங்க கிட்ட நான் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக் கதைய எடுத்து விடுவேன். நம்ம புதுக்கோட்டை லட்சுமணன் 10,000 மீட்டர்ல மூணாவதா முடிச்சு, கோட்டுக்கு உள்ள கால் வெச்சுட்டார்னு வெண்கலம் போச்சு. முடிச்சவனுக்கே இங்க உத்தரவாதம் இல்ல. இதுக்கு மட்டும் எல்லாக் கட்சியும் ஒன்னா சேந்து அந்த ஊர் அம்பயரத் திட்டும்.

சர்வீஸ் பத்தி சொல்லணும்னா, கூட்டம் இருந்தா மெதுவா வரும், வாக்குவாதம் சூடானா அண்ணன் டீ ஆத்தறத நிறுத்திட்டு வேடிக்கை பாப்பார், நமக்கு டீ வராது. டிவி சின்னது, தூரத்துல உக்காந்தா ஓடறவர் நம்பர் தெரியாது. பொண்ணுங்க தனியாப் போனாலும் தொந்தரவு கிடையாது, அக்கா கல்லால இருப்பாங்க, சத்தம் ஜாஸ்தியானா அவங்க ஒரு பார்வை பாத்தாப் போதும். கழுவுற தண்ணி சில்லுன்னு இருக்கறதால கிளாஸ சில நேரம் சும்மா ஒரு முக்கு முக்கி வெக்கறாங்க, அத மாத்தணும். ஒரு ஸ்டார் அதுக்குத்தான் கட்.

கீழ இருந்து வர்றவங்க இ-பாஸ் எடுத்துட்டு வாங்க, பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் கொண்டு வராதீங்க, மலைல தடை. காரு நிறுத்த எடம் இல்ல, கொஞ்சம் தள்ளி நிறுத்திட்டு நடந்து வாங்க. யுபிஐ இருக்கு ஆனா மழை பேஞ்சா சிக்னல் போயிடும், சில்லறை வெச்சுக்கங்க. பஞ்சாயத்து கேக்கணும்னா ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்குள்ள வாங்க, சுபேதார் சார் ஒன்பதுக்கு கெளம்பிடுவார், அவர் இல்லாம மத்தவங்க பேசறதுல காரம் பத்தாது.