பவ்வாவ் விழாவில் இளம் தொண்டர்களின் சேவை: ஒரு மதிப்பீடு

கனடாவின் ஒன்ராறியோவில் முதற்குடிச் சமூகம் ஒன்று கடந்த ஜூன் மாதம் நடத்திய, பூர்வகுடி மக்கள் கூடிப் பாடி ஆடும் பவ்வாவ் விழாவுக்குக் குடும்பத்துடன் சென்றிருந்தோம். அங்கு ஆடப்பட்ட நடனங்களை எடைபோடும் தகுதி எனக்கு இல்லை என்பதால், வந்தவர்களைக் கவனித்துக்கொண்ட இளம் தொண்டர்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்கு 40 மணி நேரச் சமூகப் பணி கட்டாயம் என்பதால், கையெழுத்துக்காக வந்து கைபேசியில் மூழ்கிக் கிடக்கும் பிள்ளைகளை (என் மகனும் அவர்களில் ஒருவன்தான்) வேறு விழாக்களில் நிறையக் கண்டிருக்கிறேன்; இங்கு அப்படி ஒருவரும் கண்ணில் படவில்லை.

கழுகிறகுக் கோல் முன்னே வர, ஆடுவோர் வட்டத்துக்குள் நுழைந்தபோது, எங்கள் அருகில் நின்ற தொண்டர்ப் பெண் என் மகனைப் பார்த்துத் தன் தலையைத் தொட்டுக் காட்டினாள். அவன் தொப்பியைக் கழற்றியதும் சிரித்துவிட்டு நகர்ந்தாள். பிற்பகலில், அவர்கள் புனிதமாகப் போற்றும் கழுகிறகு ஒன்று தரையில் விழ, ஆட்டம் நின்றது. படம் எடுக்க வேண்டாம் என்று அறிவிப்பாளர் கேட்டுக்கொண்டார். இரண்டடி தள்ளி நின்ற தொண்டன் அதை எடுக்கக் குனியவில்லை. உரியவர்கள் வந்து முறைப்படி எடுக்கும்வரை அசையாமல் நின்றான். இத்தகைய சடங்குகள் பலவற்றைத் தடுத்த கனடியச் சட்டப்பிரிவுகள் 1951ஆம் ஆண்டில்தான் நீங்கின என்பதை அறிந்தவர்களுக்கு அந்தக் கட்டுப்பாட்டின் அருமை புரியும்.

உணவுப் பந்தலில் முதல் தட்டுகள் முதியோருக்கே சென்றன. எங்களுக்கு முன் நின்றவர் சலித்துக்கொண்டபோது, பரிமாறிய பையன் பணிவாகவே பதில் சொன்னான், ஆனால் கரண்டியை அசைக்கவில்லை. உலோகக் கூம்புகள் கலகலக்கும் உடையைப் பற்றி நான் விசாரித்தபோது, அதை வேடம் என்று சொல்வதில்லை என்று ஒரு பெண் மென்மையாகத் திருத்தினாள். 1918ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் ஒஜிப்வே என்னும் பூர்வகுடி மக்களிடையே நோய் தீர்க்கும் ஆட்டமாகப் பிறந்தது அந்த உடையணிந்து ஆடும் நடனம் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு, மீதியை ஆடியவரிடமே கேட்கச் சொல்லி அவரிடம் அழைத்துச் சென்றாள்.

குறை வாகனத் தரிப்பிடத்தில்தான். வழிகாட்டப் போதிய ஆளில்லாமல், நடைச்சட்டத்துடன் வந்த என் அம்மா மேடுபள்ளமான புல்வெளியில் வெகுதூரம் நடக்க நேர்ந்தது. அங்கிருந்த ஒரேயொரு பையன் ஓடிப்போய் மடக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து பாதி வழியில் அவரை அமர வைத்தான்.