மூன்று கணினிகள், ஒரு ஆர்கேட் பெட்டி: ஏழாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் வளர்ந்த என் மைத்துனருக்கு, பள்ளி விட்டு வரும் வழியில் தெருமுனை டீ ரூமில் (எங்கள் ஊர்ச் சிறு கடை) நின்றபடி ஆடிய ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்னும் சண்டை ஆட்டம் இன்னும் விரல்களில் இருக்கிறது. மூடிப்போன ஒரு டீ ரூமிலிருந்து அவர் வாங்கி வந்த ஆர்கேட் பெட்டியை, அதாவது காசு போட்டு ஆடும் வீடியோ ஆட்டத்தின் மரப்பெட்டியை, 2018இல் எங்கள் வீட்டுக் கராஜில் நிறுத்தினோம். உள்ளே பழைய குழாய்த் திரையும் இல்லை, ஆட்டத்தை இயக்கும் மின்சுற்றுப் பலகையும் இல்லை. 4:3 வடிவத்தில் ஒரு பழைய எல்சிடி மானிட்டரையும், இரண்டு ஜாய்ஸ்டிக்குகளையும், ராஸ்பெர்ரி பை 3 பி என்னும் ஒரு சிறிய கணினியையும் பொருத்தினோம். பழைய பலகை செய்த வேலையை இந்தக் கணினியில் ஓடும் எமுலேட்டர் என்னும் மென்பொருள் செய்தது. அதன்பின் அந்தப் பெட்டிக்குள் கணினி இருமுறை மாறிவிட்டது. ஏன் மாற்றினேன், மாற்றியதால் உண்மையில் என்ன கிடைத்தது என்பதை, எந்தக் கணினியை வாங்குவது என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பை 3 பி 2016இல் வந்தது. 1.2 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் நான்கு கோர்கள், 1 ஜிபி நினைவகம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஓடிய கேப்காம் பலகையின் முதன்மைப் பிராசசர் 10 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கிய 68000 என்னும் பழைய சில்லு என்பதால், பை 3 அதற்குத் தாராளம் என்றுதான் நினைத்தேன். நொடிக்கு எத்தனை ஃபிரேம் (படம்) ஓடுகிறது என்று திரையின் மூலையில் காட்டும் எண் 60ஐ ஒட்டியே நின்றது, ஒலியும் பிசிறவில்லை. ஆனால் முதல் வாரத்திலேயே மைத்துனர் சொன்னார்: "மச்சான், அடி கொஞ்சம் பிந்தி விழுகிறது. ஷோர்யுகன் (எழும்பிக் குத்தும் அடி) போட்டால் எதிராளி அதற்குள் இறங்கிவிடுகிறான்." இருபது ஆண்டுக்கும் மேலான இடைவெளியில் கை தளர்ந்திருக்கும் என்று எண்ணி நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் விடாமல் சொல்லவே, ஒரு நாள் கைப்பேசியை நொடிக்கு 240 ஃபிரேம் வேகத்தில் வைத்து, பட்டனும் திரையும் ஒரே சட்டத்தில் தெரியும்படி படம் எடுத்தேன். பட்டன் அடியில் தட்டிய கணத்திலிருந்து திரையில் கை அசையும் வரை எண்ணியதில் 26 ஃபிரேம்கள் வந்தன. ஏறத்தாழ 108 மில்லிநொடி. அவருடைய விரல் பொய் சொல்லவில்லை.

பெரும்பாலான வாங்கும் யோசனைகள் சொல்லாமல் விடுவது இதைத்தான். பழைய ஆட்டங்களுக்கு வலிமையான கணினி எதற்கு என்று கேட்பவர்கள், ஆட்டம் முழு வேகத்தில் ஓடுகிறதா என்பதை மட்டுமே பார்க்கிறார்கள். முழு வேகம் என்பது தொடக்கம்தான். அதற்கு மேல் மிஞ்சும் வலிமையை வைத்துத்தான் தாமதத்தைக் குறைக்க முடியும். எமுலேட்டர்களை நடத்தும் ரெட்ரோஆர்க் என்னும் மென்பொருளில் ரன்-அஹெட் என்றொரு வசதி இருக்கிறது. பட்டனை அழுத்திய பின் சில ஃபிரேம்கள் கழித்தே அசைவைக் காட்டும்படி பல ஆட்டங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. எமுலேட்டர் ஒவ்வொரு முறையும் நிலையைச் சேமித்து, அந்தச் சில ஃபிரேம்களை மறைவில் ஓட்டிப் பார்த்து, வரப்போகும் படத்தை இப்போதே திரைக்கு அனுப்பி, மறுபடி பழைய நிலைக்குத் திரும்புகிறது. இரண்டு ஃபிரேம் முன்னோக்க வேண்டுமானால், திரையில் தோன்றும் ஒரு ஃபிரேமுக்காக மூன்று ஃபிரேம் வேலை நடக்கிறது.

இதோடு ஃபிரேம் டிலே என்னும் அமைப்பும் உண்டு. திரை புதுப்பிக்கப்பட்டவுடன் வேலையைத் தொடங்காமல் சில மில்லிநொடி காத்திருந்து, கடைசி நேரத்தில் ஜாய்ஸ்டிக்கைப் படிப்பது அதன் வேலை. 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. அதில் 8ஐக் காத்திருப்புக்குக் கொடுத்தால் மிஞ்சுவது 8.7. அதற்குள் மூன்று ஃபிரேம்களை முடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் மூன்று மில்லிநொடிக்கும் குறைவாக முடிக்க வேண்டும். அதாவது, வெறுமனே ஆட்டத்தை ஓட்டத் தேவைப்படுவதைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு வலிமை வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்குக் கணினியை மாற்றும் எண்ணமே வந்தது.

ரன்-அஹெட் எண்ணை ஊகத்தில் வைக்க வேண்டியதில்லை. விசைப்பலகையில் பி விசையால் ஆட்டத்தை நிறுத்தி, அடி பட்டனை விடாமல் பிடித்துக்கொண்டு, கே விசையை ஒவ்வொன்றாகத் தட்டினால் ஆட்டம் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். என் அமைப்பில் மூன்றாவது தட்டலில் கை அசைந்தது. அதில் ஒன்றைக் கழித்து 2 என வைத்தேன். பேராசைப்பட்டு 3 வைத்தால் அடியின் முதல் அசைவே காணாமல் போய்க் கை திடீரென்று நீண்டு நிற்கும். அது பார்க்கவும் நன்றாக இல்லை, ஆடவும் நன்றாக இல்லை.

2020இல் பை 4க்கு மாறினேன். 1.5 கிகாஹெர்ட்ஸ் என்று எண்ணளவில் வேகம் கொஞ்சமே கூடினாலும், அதன் கோர்டெக்ஸ் ஏ72 கோர்கள் பை 3இல் இருந்த ஏ53ஐவிட வெகுவாக வல்லவை. ஃபைனல்பர்ன் நியோ என்னும் எமுலேட்டரில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ரன்-அஹெட்டோடு சீராக ஓடியது. 1999இன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 தேர்ட் ஸ்ட்ரைக்கில் அதே வசதியைப் போட்டால் ஒலி விட்டுவிட்டு வந்தது. சூடும் ஒரு தொல்லை. பிப்ரவரி மாத டர்பன் புழுக்கத்தில், மூடிய மரப்பெட்டிக்குள், 80 டிகிரியை எட்டியவுடன் பை தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பின்பலகையில் துளையிட்டு விசிறி வைத்த பிறகே அது அடங்கியது. ஒரு கடையில் 3 ஆம்பியர் என்று சொல்லி விற்ற மலிவான அடாப்டரை நம்பியதால், திரையின் மேல்மூலையில் மஞ்சள் மின்னல் குறி மாதக்கணக்கில் மின்னிக்கொண்டிருந்தது. அது மின்னழுத்தம் போதவில்லை என்னும் எச்சரிக்கை. பை வாங்குபவர்கள் அடாப்டரில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு சோதனையாக இருந்தது லோட் ஷெடிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு. 2023இல் மின்வெட்டு நிலை 6 என்னும் கடும் அளவு வரை போனபோது ஆட்டத்தின் நடுவில் மின்சாரம் போவது அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டது. எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் அறுந்ததில் இரண்டு எஸ்டி கார்டுகள் கெட்டன. யுஎஸ்பி வழியாக எஸ்எஸ்டி பொருத்தியதும் அந்தத் தொல்லை நின்றது. இங்கே வீட்டுக்கு வீடு வைஃபை ரூட்டருக்கென்று 12 வோல்ட் சிறிய யுபிஎஸ் வைத்திருக்கிறார்கள். அடுத்த கணினியும் 12 வோல்ட்டில் ஓடினால் நல்லது என்று அப்போதே மனத்தில் குறித்துக்கொண்டேன்.

அந்த ஆண்டின் இறுதியில் பை 5 வெளிவந்தது. மைத்துனரின் மகன் வாங்கியதை இரண்டு வாரம் வைத்துப் பார்த்தேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் ஏ76 கோர்கள். தேர்ட் ஸ்ட்ரைக் ரன்-அஹெட்டோடு ஓடியது. நல்ல கருவிதான். ஆனால் முழு வலிமைக்கு 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் தரும் அடாப்டரைக் கேட்கிறது. அடாப்டர், குளிர்விப்பான், பெட்டி, எஸ்எஸ்டி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது, இன்டெல் என்100 பிராசசர் பொருத்திய மினி பிசியின் விலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நான் மினி பிசியையே எடுத்தேன். 8 ஜிபி நினைவகம் இந்த வேலைக்குப் போதும். என்100க்கு நினைவகத் தடம் ஒன்றுதான், அதனால் 16 ஜிபி போட்டும் ஆர்கேட் ஆட்டங்களில் எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. 12 வோல்ட் அடாப்டர் என்பதால், சற்றுப் பெரிய யுபிஎஸ் ஒன்றோடு இணைத்துவிட்டேன்.

வலிமை என்றால் கோர்களின் எண்ணிக்கை என்று எண்ண வேண்டாம். மேம் எமுலேட்டர் ஒரு பலகையிலுள்ள பிராசசர்களையும் ஒலிச் சில்லுகளையும் ஒன்றோடொன்று நேரம் பிசகாமல் நடத்த வேண்டியிருப்பதால், வேலையின் பெரும்பகுதி ஒரே கோரில்தான் விழுகிறது. எட்டு கோர் மெதுவான கருவியைவிட நான்கு கோர் வேகமான கருவி மேல். இன்னொன்றும் உண்டு. 1990களின் நடுவிலும் பிற்பகுதியிலும் வந்த ஆட்டங்களில் இருந்த மிப்ஸ் போன்ற பிராசசர்களின் கட்டளைகளை மேம் அவ்வப்போதே மொழிபெயர்த்து ஓட்டுகிறது. அந்த மொழிபெயர்ப்பு நீண்ட காலம் என்100 போன்ற எக்ஸ்86 வகைப் பிராசசர்களுக்கு மட்டுமே இருந்தது, பையிலுள்ள ஆர்ம் வகைக்கு இல்லை. 1994இன் கில்லர் இன்ஸ்டிங்க்ட் என் பை 4இல் இழுத்து இழுத்து ஓடியதற்கும், என்100இல் முதல் நாளே வழுக்கிக்கொண்டு ஓடியதற்கும் கிகாஹெர்ட்ஸ் வேறுபாட்டோடு இதுவும் காரணம். சான் ஃபிரான்சிஸ்கோ ரஷ், கான்ட்லட் லெஜண்ட்ஸ் ஆகியவை என்100இலும் சீராக ஓடவில்லை. அவற்றுக்காக வாங்குபவர்கள் இதற்கும் மேலே போக வேண்டும்.

கணினி மாறும்போது ரோம் கோப்புகள் (பழைய பலகையின் சில்லுகளிலிருந்து எடுத்த ஆட்டக் கோப்புகள்) அப்படியே ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பை 3இல் நான் பயன்படுத்திய மேம் 2003 என்னும் எமுலேட்டர், மேமின் பழைய 0.78 பதிப்பை ஒட்டியது. அதற்கான தொகுப்பைப் புதிய மேம் ஏற்காது. என் உறவினர் ஒருவர் கணினியே பழுது என்று திருப்பி அனுப்பப் போனார். கோப்புகளின் பதிப்பு பொருந்தாததுதான் காரணம்.

மினி பிசியைப் பொருத்திய பின் அதே மானிட்டரில், அதே பட்டனில், அதே கைப்பேசியால் மறுபடி படம் எடுத்தேன். ரன்-அஹெட் 2, ஃபிரேம் டிலே 8, திரைக்குப் போகக் காத்திருக்கும் படங்களின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டு. 26 ஆக இருந்தது 13 ஆகியிருந்தது. நான் அமைப்பை மாற்றியதை மைத்துனரிடம் சொல்லவில்லை. அவர் ஒரு சுற்று ஆடி முடித்து, ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையெடுக்காமல், "இப்போதுதான் டீ ரூமில் நிற்கிற மாதிரி இருக்கிறது" என்றார்.

கணினியின் வலிமையால் தீராத ஒரு குறை பாக்கி இருக்கிறது. மார்ட்டல் காம்பட் 2 நொடிக்கு 60 அல்ல, 54.7 ஃபிரேம்கள் ஓடும்படி செய்யப்பட்டது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் நொடிக்கு ஐந்து படங்கள் இரண்டு முறை தோன்றுவதால், பின்னணி நகரும்போது தடுக்கித் தடுக்கிப் போகிறது. ஆட்டத்தையே 60க்கு முடுக்கிவிடலாம். அப்போது ஏறக்குறைய பத்து விழுக்காடு வேகமாக ஓடி, குரல்களும் கீச்சிடும். மைத்துனர் அதற்கு ஒப்பவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ஆட்டத்தின் வேகத்துக்கேற்பத் தன் புதுப்பிப்பு வேகத்தை மாற்றிக்கொள்ளும் மானிட்டர்தான் இதற்குத் தீர்வு. இந்த மரப்பெட்டியின் அகலத்துக்குள் அடங்கும் அப்படியொரு மானிட்டரை இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.