மீட்டரில் 31 ஆயிரம்: பட்டாளத்து ஒன் டன்னோடு ஏழு வருடம்

தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன ஆறு ஏக்கர் இருக்கிறது. கடைசி 2 கிலோமீட்டர் பாறையும் செம்மண்ணுமாக ஏறும் வழி. மழை பெய்துவிட்டால் பிக்கப்காரர்கள் உரமூட்டையைக் கீழேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் இருப்பது பெங்களூர் அல்சூரில். வாரக் கடைசியில் போய் மூட்டையைத் தலையில் சுமந்து சலித்துத்தான் 2017-ல் நிஸ்ஸான் ஒன் டன் வாங்கினேன்.

தெரியாதவர்களுக்கு: இது ஜபல்பூரில் ராணுவத்துக்காகச் செய்த ஃபோர் வீல் டிரைவ் லாரி. ஜோங்கா என்கிற ராணுவ ஜீப்பில் இருக்கும் அதே 3,956 சிசி, ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். ஹொசக்கோட்டைப் பக்கம் ஒரு யார்டில் நின்றது. பச்சைப் பெயின்ட் பளபளவென்று இருந்தது, தார்ப்பாய் புதுசு, மீட்டரில் 31,000. முப்பது வருட வண்டி வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று எனக்குள் ஒரே சந்தோஷம். 2 லட்சத்து 60 ஆயிரம் கொடுத்தேன்.

எங்கள் தெருவில், ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஈஎம்இ பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் இருக்கிறார், வேலூர்க்காரர். வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து அடியில் பார்த்தார். “மீட்டரு ஓடினதைத்தான் சொல்லும் தம்பி, நின்னதைச் சொல்லாது” என்றார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

இந்த வண்டிகள் கான்வாயில் ஃபர்ஸ்ட் கியரிலும் லோ ரேஞ்சிலும் ஊர்ந்திருக்கும், இன்ஜினை அணைக்காமல் மணிக்கணக்கில் நின்றிருக்கும். அந்த நேரமெல்லாம் இன்ஜின் தேயும், மீட்டர் பெரிதாக நகராது. அப்புறம் ஒதுக்கப்பட்டு, ஏலம் போகும்வரை வருடக்கணக்கில் வெயிலில் கிடக்கும். ஆயில் சீல் காய்ந்து வெடிக்கும், டேங்கில் துரு உதிரும், பிரேக் சிலிண்டருக்குள் ஈரம் கோர்த்து அரிக்கும். என் வண்டியின் இன்ஜினைப் பிரித்தபோது உள்ளே இருந்தது கடைசி ஓவர்சைஸ் பிஸ்டன். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, பெரிய பிஸ்டன் போடும் ‘போர்’ வேலை ஏற்கெனவே பலமுறை நடந்தாகிவிட்டது, இனி சிலிண்டருக்குள் புது உறை இறக்கும் ஸ்லீவ்தான். அதற்கு மட்டும் 48,000 ரூபாய்.

பிரேக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2018 பிப்ரவரி. அஞ்செட்டிப் பக்கத்தில் இருந்து புளி ஏற்றிக்கொண்டு வருகிறோம். ஒரு இறக்கத்தில் பெடல் அப்படியே தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. இப்போதைய வண்டிகளில் பிரேக்குக்கு இரண்டு சர்க்யூட் இருக்கும், ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். இதில் ஒன்றே ஒன்று. பின் சக்கரத்தில் ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினால் நான்கு சக்கரமும் அம்போ. செகண்டுக்கு இறக்கி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, இடது பக்க மண்மேட்டில் உரசி நிறுத்தினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின் டயரின் உள்பக்கச் சுவரில் ஒழுகிய பிரேக் ஆயிலின் ஈரம் பளபளத்தது. அந்த ஈரம் ஒரு வாரமாகவே இருந்தது. சேறு என்று நினைத்து நான்தான் விட்டுவிட்டேன்.

அந்த ஹேண்ட்பிரேக்கும் ஒரு வில்லங்கம். என் வண்டியில் அது சக்கரத்தைப் பிடிக்காது, முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும். பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால் டிஃபரென்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் சுழலும், வண்டி நகர்ந்துவிடும். ஹவில்தார் அண்ணன் முன்னாலேயே எச்சரித்திருந்ததால் எப்போதும் முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்துவிட்டுத்தான் ஜாக்கியைத் தொடுவேன்.

டயர் பட்டன் தேயாமல் நன்றாக இருக்கிறதே என்று ஏமாந்ததும் உண்டு. பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு எண்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். என்னுடையதில் 2304. பதிமூன்று வயது ரப்பர், விரலால் அழுத்தினாலே வரிவரியாகப் பிளந்தது. டயரை மாற்ற அத்திப்பள்ளியில் ஒரு பஞ்சர் கடைக்குப் போனேன். கடைக்காரர், டயரை ரிம்மில் பிடித்து வைக்கும் இரும்பு வளையமான லாக் ரிங்கைச் சுத்தியலால் தட்டினார், துரு அப்பளம் அப்பளமாக உதிர்ந்தது. ரிங் உட்காரும் பள்ளமே பாதி தின்று போயிருந்தது. “இதுக்கு நான் காத்து அடிக்கமாட்டேன் சார், பறந்து வந்து கழுத்தை எடுத்துடும்” என்று கம்ப்ரெஸரையே அணைத்துவிட்டார். மற்றவர்கள் எல்லாம் பணத்தைப் பார்க்க, அவர் ஒருவர்தான் உயிரைப் பார்த்தார். சிவாஜிநகர் குஜிரி என்கிற பழைய சாமான் சந்தையில் ஒன்று, சென்னை புதுப்பேட்டையில் மூன்று என்று தேடிப் பிடித்து ரிம் மாற்றினேன். அதற்குக் காற்றடிக்கும்போதும் சங்கிலி சுற்றி, ரிங்கைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்துத்தான் அடித்தார்.

காகிதத் தலைவலி தனி. ஆர்சி ஹரியானாவுடையது. இங்கே 12 மாதத்துக்கு மேல் ஓடினால் அங்கிருந்து என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று வாங்கி, வரி கட்டி, மறுபதிவு செய்தாக வேண்டும். இன்ஸ்பெக்டர் சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்தார், சரியாக இருந்தது. இன்ஜின் நம்பர் ஆர்சியோடு ஒத்துப்போகவில்லை. எந்தக் காலத்தில், யார் இன்ஜினை மாற்றினார்களோ! பதினான்கு மாதம் அலைந்தேன். அதைவிட வேடிக்கை அந்தப் பளபள பச்சை. மத்திய மோட்டார் வாகன விதி 121-ன்படி ஆலிவ் பச்சையில் ராணுவ வண்டி மட்டும்தான் ஓடலாம். விற்றவர் அந்தப் பச்சையைக் காட்டித்தான் என்னை மயக்கியிருந்தார்.

சாம்பல் நிறம் அடிக்கச் சுரண்டியபோதுதான் வண்டியின் ஜாதகம் தெரிந்தது. பச்சைக்குக் கீழே மணல் நிறம், அதற்குக் கீழே மறுபடி பச்சை. எங்கோ பாலைவனத்தில் இருந்திருக்கிறது போல. பின் ஸ்பிரிங் தாங்கிக்குப் பக்கத்தில் பெயின்டுக்கு அடியில் ஒரு சாண் நீளத்துக்குச் சேசிஸில் வெல்டிங். வாங்கும்போதே ஒரு காந்தமும் கம்பி பிரஷும் கொண்டுபோயிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர். பெட்ரோல் நூறைத் தாண்டிய பிறகு ஒரு கிலோமீட்டருக்கு 29 ரூபாய். டீசல் இன்ஜின் போட்டுவிடலாமே என்று பத்துப் பேராவது சொல்லியிருப்பார்கள். அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்றாமல் மாற்றினால் அது சட்டப்படி தப்பு, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் கேட்பார். எனக்குக் கிடைத்ததே தேர்ட் பார்ட்டி மட்டும்தான்.

இவ்வளவு புலம்புகிறவன் ஏன் விற்கவில்லை என்று வீட்டுக்காரியும் கேட்டாள். 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடும் பெல்லந்தூரும் மூழ்கி, ஐடிக்காரர்கள் டிராக்டரில் ஆபீஸ் போனார்களே, அப்போது என் மச்சான் குடும்பத்தை இடுப்பளவு தண்ணீரில் இருந்து கூட்டிவந்தது இதுதான். அன்றைக்கு எனக்கு இருந்த கர்வம் சொல்லி மாளாது. நாலு நாள் கழித்து ஆக்சில் நட்டைத் திறந்தால் ஆயில் டீ நிறத்தில் வருகிறது. காற்றுப்போகும் பிரீதர் துவாரங்கள் எல்லாம் பெயின்டால் அடைந்து கிடந்திருக்கின்றன. சூடான ஆக்சில் தண்ணீரில் குளிர்ந்ததும், காய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொண்டது. பேரிங் இரண்டு போச்சு.

போன மாதம் வொயிட்ஃபீல்டில் இருந்து ஒரு பையன் பார்க்க வந்தான். விற்பதா வேண்டாமா என்று நானே முடிவு செய்திருக்கவில்லை. வந்ததும் முதல் கேள்வி, “அங்கிள், எவ்வளவு ஓடியிருக்கு?” பதில் சொல்லாமல் அவனைப் பின்னால் கூட்டிப்போய், குனியச் சொல்லி, அந்த ஒரு சாண் வெல்டிங்கில் டார்ச் அடித்துக் காட்டினேன். போனில் போட்டோ எடுத்துக்கொண்டான். அப்பாவிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகப் போனவன் இன்னும் கூப்பிடவில்லை.