தோட்டாக் கூட்டில் செய்த பேனா: எட்டு மாதம் எழுதிப் பார்த்த பின்

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன், சென்ற தீபாவளிக்குப் பினாங்கு வந்தபோது என் கையில் ஒரு பேனாவைக் கொடுத்து, "மாமா, இதைச் செய்தவர் எங்கள் துப்பாக்கிக் கழகத்து முதியவர், ஒவ்வொன்றையும் தம் வீட்டுப் பட்டறையில் தாமே கடைந்தெடுக்கிறார்" என்றான். சுட்டு முடித்த, பழைய பிரிட்டிஷ் படைத் துப்பாக்கிக்குரிய .303 ரகத் தோட்டாவின் பித்தளைக் கூடுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் செய்த பந்துமுனைப் பேனா அது. விலை 85 ஆஸ்திரேலிய டாலர். எட்டு மாதங்களாக அன்றாடம் எழுதிப் பார்த்துவிட்டேன் என்பதால், வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 1971ஆம் ஆண்டுச் சுடுகருவிகள் கூடுதல் தண்டனைச் சட்டமும் மிகக் கடுமையானவை; விமான நிலையக் கதிர்க் கருவியோ பொருளின் உருவத்தைத்தான் பார்க்கும், அதன் உள்ளே மை இருக்கிறதா வெடிமருந்து இருக்கிறதா என்று விசாரிக்காது. என் மருமகன் புறப்படுமுன் விமான நிறுவனத்திடமும் இங்குள்ள காவல்துறையிடமும் எழுத்து மூலம் கேட்டு, பதில் வந்த பிறகே இதைக் கொண்டு வந்தான். அப்படிக் கேட்காமல் யாரும் வாங்கி வரவோ, அஞ்சலில் வரவழைக்கவோ வேண்டாம்.

பேனாவின் அமைப்பு எளிமையானது. ஒரு .303 கூட்டின் நீளம் 56 மில்லிமீட்டர். கீழ்க்கூட்டின் அடியை அறுத்து நீக்கி, மேல்கூட்டின் குறுகிச் செல்லும் கழுத்தையும் தோளையும் வெட்டி, இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு மெல்லிய செம்பு வளையத்தை இட்டிருக்கிறார். கீழே, குண்டு இருந்த இடத்தில், அதே வடிவத்தில் கடைந்த செம்பு முனை. மேலே, தோட்டாவின் விளிம்புள்ள அடித்தட்டே பேனாவின் தலையாகிவிடுகிறது. மேல்பாதியைத் திருகினால் மைமுனை வெளியே வரும். மொத்த நீளம் 12 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். குட்டையான, பருத்த பேனா.

என்னை இதன்பால் ஈர்த்தது அந்தத் தலைதான். அடித்தட்டைச் சுற்றி எம்.எஃப் என்ற எழுத்துகளும், 7 என்ற எண்ணும், ஆண்டைக் குறிக்கும் 55 என்ற எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எம்.எஃப் என்பது மெல்பர்னை அடுத்த ஃபுட்ஸ்கிரேயில் இருந்த அரசுத் தோட்டா ஆலையின் அடையாளம். 7 என்பது 1910இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட ஏழாம் வகைத் தோட்டாவைக் குறிப்பது. நடுவே உள்ள, வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறிய வெடிமூடியில், துப்பாக்கியின் ஊசி குத்திய பள்ளம் அப்படியே தெரிகிறது. பளபளப்புக்காக இவற்றைத் தேய்த்து மழித்துவிட்டு, வழவழப்பான பித்தளைக் குழாய்போல் ஆக்கி விற்பவர்களும் இருக்கிறார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை; அதற்காகவே அவரை மதிக்கிறேன். என் தாத்தா 1948இல் மலாயாவில் தொடங்கிய அவசரகாலத்தில் தோட்டக் காவலுக்கு அமர்த்தப்பட்ட சிறப்புக் காவலர்களுள் ஒருவர். அவர் தோளில் தொங்கியதும் .303தான். சுட்ட கூடுகளைப் பொறுக்கி எண்ணிக் கணக்குக் கொடுத்தால்தான் இரவு உறக்கம் என்று அவர் சொல்வதுண்டு. இந்தத் தலையைத் தடவும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது.

அடுத்துப் பாராட்ட வேண்டியது பேனாவைச் செய்தவர் ஈயத்தைக் கையாண்ட விதம். வெடிமூடியின் மருந்து எரிந்த கரியில் நச்சான ஈயம் இருக்கும். உலர்ந்த கூட்டைக் குடைந்தாலோ தேய்த்தாலோ அந்தத் தூள் மூச்சில் ஏறும். ஆகவே அவர் கூட்டுக்குள் நீரை நிரப்பி, கழுத்துக்குள் கச்சிதமாக இறங்கும் கம்பியை வைத்துச் சுத்தியலால் ஒரே தட்டுத் தட்டி, நீரழுத்தத்தால் வெடிமூடியை வெளியேற்றுகிறார். பிறகு கூட்டையும் மூடியையும் நீரிலேயே கழுவி, மூடியைப் பழைய இடத்தில் பதிக்கிறார். உண்மையான குண்டைத் துளைத்து முனையாக்கினால் அதனுள் இருக்கும் ஈயம் வெளிப்பட்டுவிடும் என்பதால்தான் செம்பில் தனியாகக் கடைந்திருக்கிறார். இந்த வகைப் பேனாவை வேறு எவரிடமாவது வாங்கினால், இந்த இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இத்தகைய கைவேலை புதிதன்று. 1914 கிறிஸ்துமஸுக்கு பிரிட்டிஷ் இளவரசி மேரியின் பெயரால் படைவீரர்களுக்கு வழங்கப்பட்ட பித்தளைப் பெட்டிகளில், புகைபிடிக்காதவர்களுக்கு உரியவற்றில், .303 கூட்டுக்குள் செருகிய பென்சில் இருந்தது.

இனி நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் வருகிறேன். தோட்டாக் கூடு நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. செய்தவர் இதன்மேல் எந்த மெருகுப் பூச்சும் பூசவில்லை. மூன்றே வாரங்களில் விரல் படும் இடம் கறுத்தது. சட்டைப்பையில் மாட்டும் கொக்கியின் அடியில் பச்சைக் களிம்பு தலைகாட்டியது. குத்துவிளக்கு விளக்கும் பழக்கத்தில் நானும் புளியை எடுத்துத் தேய்த்தேன். பொன்போல் மின்னியது உண்மை. ஆனால் எழுத்துப் பள்ளங்களில் படிந்திருந்த கருமையும் கரைந்து, 55 என்ற எண் கண்ணுக்கு மங்கிவிட்டது. மார்க்கெட் ஸ்திரீட்டில் பித்தளைப் பாத்திரம் விற்கும் பெரியவரிடம் காட்டினேன். அவர் நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், விளக்கு வார்ப்படம், இது தகட்டை இழுத்துச் செய்தது, இதற்குப் புளி வேண்டாம், உலர்ந்த துணி போதும்" என்றார். அவர் சொன்னது சரிதான்: வட்டத் தகட்டை அச்சில் பலமுறை அழுத்தி இழுத்து, இடையிடையே சூடாக்கிப் பதப்படுத்தித்தான் தோட்டாக் கூட்டை உருவாக்குகிறார்கள். அதன்பின் நான் துணியோடு நிறுத்திக்கொண்டேன். இப்போது உடல் முழுவதும் பழுப்பேறி, எழுத்துகள் மீண்டும் தெளிவாக எழுந்து நிற்கின்றன. பூச்சுப் பூசியிருந்தால் அது அங்கங்கே உரிந்து திட்டுத் திட்டாகக் கறுத்திருக்கும். பூசாமல் விட்டதே நல்லது என்பது என் முடிவு.

கொக்கியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அது தங்க முலாம் பூசிய மலிவான தகடு. ஆறாம் மாதமே முலாம் தேய்ந்து வெளுத்துவிட்டது. இவ்வளவு பொறுமையாகச் செய்த பொருளுக்கு இப்படியொரு கொக்கியா என்று மனம் வருந்துகிறது.

எழுதுவதைப் பொறுத்தவரை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நகைக்கடைத் தராசில் இதன் எடை 44 கிராம். கூட்டின் அடிப்பகுதியே மிகத் தடித்த பகுதி. அது உச்சியில் இருப்பதால் பாரம் முழுவதும் மேலே நிற்கிறது. கையொப்பத்துக்கும் முகவரி எழுதுவதற்கும் அருமையாக இருக்கிறது. இரண்டு பக்கக் கடிதம் எழுதினால் பெருவிரலும் சுட்டுவிரலும் சேரும் இடம் வலிக்கிறது. மதிய வெயிலில் வியர்த்த விரல்கள் வழவழப்பான செம்பு முனையில் வழுக்கவும் செய்கின்றன. ரீஃபில் மெலிந்த வகை என்பதால் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. பெரிய எழுதுபொருள் கடைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

எடையைக் குறைக்க வழியுண்டா என்று மருமகன் மூலம் கேட்டனுப்பினேன். கூட்டைக் கீழ்ப்பாதியாக மட்டும் வைத்து, மேல்பாதியை மேற்கு ஆஸ்திரேலியாவின் சிவந்த ஜாரா மரத்தில் கடைந்து தர முடியும், பாரம் கீழே இறங்கி எழுதவும் சுகமாக இருக்கும், ஆனால் அடித்தட்டு நடுவே போய் மறைந்துவிடும், வெடிமூடியும் துளையோடு போய்விடும் என்று பதில் வந்தது. நாளெல்லாம் எழுதுபவர்கள் தயங்காமல் அந்த மர வகையையே கேட்டு வாங்கலாம். அந்த எழுத்துகளையும் ஊசி குத்திய பள்ளத்தையும் இழக்க எனக்கு மனமில்லை. கொக்கியை மட்டும் பித்தளையில் செய்து அனுப்பும்படி எழுதியிருக்கிறேன்.